மூன்றாவது வாரத்து மருந்து

வறட்டு இருமல் நேரம் பார்த்து வரும். பகலெல்லாம் மாடிப்படியில் ஏறி இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் காகிதக் கப்பல் விட்டு, சோற்றுக் கிண்ணத்தோடு நம்மைத் தெருக்கோடி வரை ஓட வைக்கும் பிள்ளை, ராத்திரி விளக்கை அணைத்ததும் தொடங்கும். ஒன்று, இரண்டு, அப்புறம் கணக்கே இல்லை. சளி வராது, காய்ச்சல் இருக்காது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, குடித்த பாலைக் கக்கினால்தான் ஓயும். மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார வைத்தால் ஓர் இருமல்கூட வராது. "நல்லாத்தானே இருக்கா?" என்று அவர் கேட்கும்போது, நாம்தான் பொய் சொல்லுகிறோமோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூரில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. வீட்டில் நான், என் மாமியார், மூன்றரை வயது மகள். மார்கழி பிறந்த வாரத்தில் அவளுக்குச் சாதாரணச் சளி பிடித்தது. மூக்கு ஒழுகியது, நின்றது. இருமல் மட்டும் தங்கிவிட்டது.

பிள்ளை இருமினால் முதல் விசாரணை அம்மாவுக்குத்தான். "ராத்திரி வாழைப்பழம் குடுத்தியா?" என்பார் அத்தை. கொடுக்கவில்லை என்றால் தயிர். தயிரும் இல்லையென்றால் தலைக்கு ஊற்றியது. அதுவும் இல்லையென்றால் மின்விசிறி. கொய்யாப்பழம், ரோஸ் மில்க், வெறுந்தரையில் விளையாடியது, சாக்ஸ் போடாதது என்று பட்டியல் நீளும். எதிர்வீட்டு அம்மாள், பக்கத்து போர்ஷன் அக்கா, பால் ஊற்ற வருகிறவர் எல்லோருக்கும் அந்த விசாரணையில் இடம் உண்டு. வைரஸ் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னாலும், அது வாழைப்பழம் வழியாகத்தான் வந்திருக்கும்.

விசாரணை முடிந்ததும் மருந்துகள் வரத் தொடங்கின. மாடியில் ஒரு தொட்டியில் கற்பூரவல்லி தழைத்துக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் அதை ஓமவல்லி என்போம். அத்தை இரண்டு இலையைப் பறித்து அடுப்புத் தீயில் வாட்டி, கசக்கிச் சாறு பிழிந்து, தேன் குழைத்துக் கொடுத்தார். மகள் அதை அப்படியே அத்தையின் சேலையில் துப்பினாள். மறுநாளும் துப்பினாள். மூன்றாம் நாள் அத்தை அதே இலையைக் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போட, நாலு பஜ்ஜி கேட்டு வாங்கித் தின்றாள். இருமுகிற பிள்ளைக்கு எண்ணெய்ப் பலகாரமா என்று நான் கேட்டு, அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. அந்த இலையின் காட்டமான மணத்துக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் போன்ற எண்ணெய்கள் என்று பின்னாளில் படித்தேன். பஜ்ஜிக்குள் போனபின் அதில் எவ்வளவு மிஞ்சுமோ, அத்தைக்கே வெளிச்சம்.

என் ஆச்சி உடன்குடிப் பக்கம். அப்போதெல்லாம் ஆச்சியோடு பேசவேண்டுமென்றால், எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஊர் மளிகைக்கடை நம்பரைப் போட்டு, ஆளனுப்பிக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட வேண்டும். இரண்டாவது வாரத்தில் போட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே ஆச்சி குறுக்கிட்டார்.

"ஏட்டி, நெஞ்சுல கோழை கரகரங்குதா, இல்ல வெறும் தொண்ட இருமலா? அத மொதல்ல சொல்லு."

"வெறும் இருமல்தான் ஆச்சி."

"அப்ப ஆடாதோடைய அண்டவிடாத. மிளகு, சுக்குன்னு போட்டு வறட்டாத. அதிமதுரம் போட்டுக் குடு. பனங்கல்கண்டு இருக்கா? நான் ஆள்ட்ட குடுத்துவிடுதேன்."

அதுவரை எனக்கு மருந்து சொன்ன யாரும் கேட்காத கேள்வி அது. இருமல் என்றதும் அவரவர் வீட்டு மருந்தை எடுத்து நீட்டினார்களே தவிர, என்ன இருமல் என்று கேட்கவில்லை. கோழை கட்டிய இருமலுக்கு அதை இளக்கி வெளியே தள்ளுவது வேண்டும். அதற்கு ஆடாதோடை. வறட்டு இருமலில் வெளியே தள்ள ஒன்றும் இல்லை. புண்பட்ட தொண்டையைக் குளிரச் செய்து இதமாக்குவதுதான் வேலை. ஆச்சிக்குப் பள்ளிக்கூட வாசல் தெரியாது. ஆனால் ஆடாதோடை பற்றி அவர் வைத்திருந்த கணக்கு வெறும் நம்பிக்கை இல்லை. அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் உருவானது, அதன் வழித்தோன்றல் ஆம்ப்ராக்சால். மருந்துக்கடையில் இன்று சளியை இளக்கும் சிரப் என்று கொடுக்கும் பல பாட்டில்களில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும்.

ஆச்சியின் பனங்கற்கண்டு ஓலைக் கொட்டானில் வந்தது. பதநீரைப் பதமாகக் காய்ச்சி, அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்திருந்தால் படிகமாக இறுகும் அந்த அழுக்கு மஞ்சள் கட்டி, வாயில் போட்டதும் உடனே கரையாது. மெல்லக் கரையும், தொண்டையில் லேசாக வழவழப்பாக இறங்கும். சீனியில் சாயம் ஏற்றி விற்கும் கற்கண்டு அப்படி இல்லை, போட்டதும் கரைந்துவிடும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஆச்சி இல்லை. இருந்திருந்தால், இதைச் சொல்ல ஒரு சர்ட்டிபிகேட்டா என்று கேட்டிருப்பார்.

அதிமதுரம் தமிழ்நாட்டில் விளைவதில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வரும் வேர் அது. சித்த வைத்தியத்தில் அவ்வளவு காலமாக இருந்தும், இன்றும் வெளியூர்ச் சரக்குதான். மயிலாப்பூரில் இருந்தால் கச்சேரி சாலை டப்பா செட்டி கடைக்குப் போயிருப்போம். வீட்டுக்காரர் வேலை விட்டு வரும் வழியைச் சுற்றிப் பாரிமுனையில் வாங்கி வந்தார். சுண்டுவிரல் நீளத் துண்டைத் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டவைத்து, பனங்கற்கண்டு கரைத்து, வெதுவெதுப்பாக ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். கசப்பு இல்லாததால் மகள் குடித்தாள். "மூணு நாளு குடு, பெறவு விட்டுரு" என்று ஆச்சி சொல்லியிருந்தார். ஏன் மூன்று நாள் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்குப் பதில் கிடைக்கப் பல வருடம் ஆனது. அதிமதுரத்தை நாள்கணக்காக, அளவில்லாமல் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும்.

உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னவர்கள் உண்டு. மூன்றரை வயதுப் பிள்ளை கொப்பளிக்காது, குடித்துவிடும். சித்தரத்தையை வாயில் அடக்கச் சொன்னவர்கள் உண்டு. அந்த வயதில் வாயில் எதை அடக்கினாலும் தொண்டைக்குள் போய்விடுமோ என்ற பயத்தில் நான் அதைச் செய்யவில்லை. பக்கத்து போர்ஷன் அக்கா தன் பிள்ளையைத் தொக்கம் எடுக்கிறவரிடம் கூட்டிப்போய், வயிற்றிலிருந்து பருத்திக்கொட்டை வந்தது என்று காட்டினார். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகம் இருந்தது, அக்காவுக்கு இல்லை.

அதே அக்காதான் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தேய்க்கச் சொன்னார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். பிறகு நாங்கள் பார்த்த டாக்டரிடம் இதைக் கேட்டபோது, அதுவரை மெல்லப் பேசிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கற்பூரம் சிறு பிள்ளைகளுக்கு விஷம், தோல் வழியாகவும் உள்ளே போகும், தவறி வாயில் போனால் கொஞ்சமே போதும், வலிப்பு வரும் என்றார். மூக்கடியில் தடவவே கூடாது, கடைத் தைலமும் இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றார். ஆவி பிடிக்க வைப்பதையும் வேண்டாம் என்றார். கொதிநீர்ப் பாத்திரத்தைத் தட்டிவிட்டு வெந்துபோய் வரும் பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார்.

அந்த டாக்டரிடம் நாங்கள் போனது, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியதால். அந்த வருடங்களில் சென்னையில் பிள்ளை வைத்திருந்தவர்களுக்கு ஒரு பயம் தெரிந்திருக்கும். பிள்ளைக்கு எடை ஏறவில்லை, இருமல் நிற்கவில்லை என்றால் "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்று சொல்லிவிடுவார்கள். சிறு பிள்ளைகளுக்கு வரும் காசநோயின் முதல் தொற்று அது. ஆறு மாதம் மருந்து. எங்கள் தெருவிலேயே இரண்டு பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று ஓர் அம்மா என்னிடம் குழாயடியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மாமியாருக்குத் தெரிந்தால் தன் பிறந்த வீட்டைச் சொல்லிக் காட்டுவார்கள் என்று அவருக்குப் பயம்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடும் முன் கேள்வி கேட்டார். ஓடினால் இருமுகிறாளா? சிரித்தால்? விடியற்காலையிலா, படுத்ததுமா? வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல், இளைப்பு? எடை குறைந்ததா? ஊசிகள் எல்லாம் போட்டாயிற்றா? முத்தடுப்பு ஊசி விட்டுப்போயிருந்தால் கக்குவானையும் நினைக்க வேண்டும் என்றார். எதையாவது தின்னும்போது புரை ஏறி, அன்றிலிருந்து இருமல் தொடங்கியதா என்றும் கேட்டார். நிலக்கடலைப் பருப்பு மூச்சுக்குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டால் பிள்ளை வாரக்கணக்கில் இருமும், எந்தக் கஷாயத்துக்கும் மசியாது, குழாய்விட்டு எடுக்க வேண்டியிருக்கும். எங்கள் உறவில் ஒரு பையனுக்குப் பின்னால் அப்படியே நடந்தது. புரை ஏறியதை வீட்டில் எல்லோருமே மறந்துபோயிருந்தார்கள்.

மான்டூ பரிசோதனை செய்தார்கள். முன்கையில் தோலுக்குள்ளேயே ஊசி, மூன்றாம் நாள் காட்ட வேண்டும், தடிப்பு பத்து மில்லிமீட்டரைத் தொட்டால் யோசிக்க வேண்டும். அந்த இரண்டு ராத்திரியும் டார்ச் அடித்து மகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடிப்பு பத்துக்குக் கீழேதான் இருந்தது.

கடைசியாக டாக்டர் கேட்டது, "வீட்டில் கொசுவத்தி கொளுத்துவீர்களா?"

அம்பத்தூரில் கொளுத்தாத வீடு எது? ஜன்னலை அடைத்து, கட்டிலடியில் சுருளை ஏற்றிவைத்தால்தான் தூக்கம். மார்கழி என்பதால் அத்தை விடியற்காலையில் சாம்பிராணியும் போடுவார். "மாத்திரை அப்புறம். முதலில் கொசுவலை வாங்குங்கள். சாம்பிராணியைப் பிள்ளை எழுந்து வெளியே போனபிறகு போடச் சொல்லுங்கள்" என்றார். சளி பிடித்த தொண்டையும் மூச்சுக்குழாயும் ஆறுவதற்கு வாரக்கணக்கு ஆகும், அதுவரை புகை, தூசி, குளிர்காற்று எது பட்டாலும் இருமல்தான் என்று விளக்கினார். கொசுவத்திச் சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த டாக்டர் அதற்குச் சில வருடம் முன்பே, எண் எதுவும் இல்லாமல், சரியாகச் சொல்லியிருக்கிறார்.

கொசுவலை வந்தது. சாம்பிராணி வாசலுக்குப் போனது, அத்தைக்கு அதில் வருத்தம்தான். தலைமாட்டில் இன்னொரு தலையணை வைத்துச் சாய்வாகப் படுக்க வைத்தேன். படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன். ராத்திரி இருமி எழுந்தால் வெந்நீர் இரண்டு மிடறு. மூன்றாவது வாரம் முடிவதற்குள் இருமல் இறங்கி, ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினாள்.

இப்போது வழக்கு வேறு மாதிரி ஆனது. அத்தை, கற்பூரவல்லிதான் கேட்டது என்றார். ஆச்சி, பனங்கல்கண்டு என்றார். அக்கா, தொக்கம் எடுக்காமலே எப்படி நின்றது என்று வியந்தார். வீட்டுக்காரர் வலை என்றார், அவர்தானே காசு கொடுத்தார். எனக்கும் நெடுநாள் இதில் தெளிவில்லை. பிறகு ஒரு மருத்துவக் கட்டுரை படித்தேன். சளிக்குப் பிறகு வரும் இருமல் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பத்து நாளில் போய்விடும், பத்தில் ஒன்பது பேருக்கு 25 நாளில் போய்விடும், மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். அப்போதுதான் நம் ஊர்க் கைவைத்தியங்களின் புகழ் எங்கிருந்து வருகிறது என்று விளங்கியது. முதல் வாரத்தில் கொடுத்த மருந்துக்கு எந்த வீட்டிலும் நல்ல பேர் கிடைக்காது. அது "கேட்கவில்லை". இரண்டாவது வாரத்து மருந்து "கொஞ்சம் கேட்டது". மூன்றாவது வாரத்தில் யார் எதைக் கொடுத்தாலும் அது கைகண்ட மருந்து, தலைமுறைக்கும் நிற்கும். டாக்டர்களும் இதற்கு விலக்கில்லை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் எப்போதும் கைராசிக்காரர்.

புகையை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அந்த வருடம் போகியன்று விடியும் முன்பே தெருமுனையில் பையன்கள் டயரைக் கொளுத்தினார்கள். கரும்புகை ஜன்னல் வழியே வந்து வீட்டுக்குள் நின்றது. நின்றுபோயிருந்த இருமல் அன்று ராத்திரியே திரும்பி வந்து, பொங்கல், மாட்டுப் பொங்கல் எல்லாம் எங்களோடு கொண்டாடிவிட்டுத்தான் போனது. அதற்கு நாள் கணக்கு சொல்லித் தப்பிக்க முடியாது.

அப்படியானால் ஆச்சியின் கொட்டானும் அத்தையின் தேனும் வீண்தானா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நாளாகத்தான் ஆறும் என்றாலும், அந்த நாள்களை, அதைவிட அந்த ராத்திரிகளை, பிள்ளை கடக்க வேண்டும். தேனைப் பற்றி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. படுக்கும் முன் ஒரு வேளை தேன் சாப்பிட்ட பிள்ளைகள், ஒன்றும் சாப்பிடாதவர்களைவிடக் குறைவாக இருமினார்கள், நன்றாகத் தூங்கினார்கள். இருமல் சிரப்பில் போடும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் தேனை முந்தவில்லை. அத்தை உயிரோடு இருந்த காலம் அது. படித்துக் காட்டினேன். "இதுக்கு அமெரிக்காவுக்கா போனாங்க" என்றுவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைவைத்தியம் செய்த இன்னொரு நல்லது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. ஏதோ ஒன்றைக் கொடுத்துக்கொண்டே இருந்ததால், நாங்கள் சிரப் பாட்டிலைத் தேடி ஓடவில்லை. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி வந்தது. தயாரித்த ஆலை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாத டைஎத்திலீன் கிளைகால் அந்தச் சிரப்பில் 48 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். வந்தது, தானாகப் போயிருக்கக்கூடிய இருமல், சளி. அதற்குப் பிறகு மத்திய அரசு, இரண்டு வயதுக்குக் கீழ் இருமல் சிரப்பே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தல் வெளியிட்டது.

அந்த வாரம் மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அவள் பையனுக்கு இரண்டு வயது. வறட்டு இருமல், ஐந்தாறு நாளாகிறது. "அம்மா, வீட்டில் ஒரு பாட்டில் இருக்கு, போன தடவை வாங்கினது. கொடுக்கவா?" என்றாள். கீழே ஊற்றிவிடு என்றேன். பிறகு ஆச்சியின் கேள்வியைக் கேட்டேன், டாக்டரின் கேள்விகளைக் கேட்டேன். கற்பூரவல்லி வாங்கட்டுமா என்றாள். பஜ்ஜியாகப் போட்டு நீ சாப்பிடு என்றேன்.

அவளிடம் சொன்னதையே இதைப் படிக்கிற தாய்மார்களிடமும் சொல்கிறேன். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு ராத்திரி அரை ஸ்பூன் தேன் கொடுங்கள். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கவும் தேன் வேண்டாம். தேனில் பொட்டுலினம் கிருமியின் வித்து இருக்கலாம், பச்சைப் பிள்ளையின் குடலில் அது முளைத்து நரம்பை முடக்கும். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலா எலும்புக்கடியில் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லாமல் இருமல் மட்டும் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கே கொசுவத்தியை எடுத்து வெளியே வையுங்கள்.